கலசம் நீங்கலாக

டீக்கடையில் என்னைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் வருகிறீர்கள் என்று தெரியும் சார். தப்பில்லை. பெண் கொடுக்கிற இடத்தில் நாலு பேரிடம் கேட்கத்தான் வேண்டும். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நானும் போய் அவர்கள் ஊர் சலூனில் உட்கார்ந்து கேட்டேன். கடைக்காரர் உங்களிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த நீங்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியதைப் பார்த்தேன். அதனால்தான் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தேன். உட்காருங்கள். இந்தப் பக்கம் நிழல். பஸ் இப்போதைக்கு வராது.

பெண்ணுக்குப் பெரியப்பா என்றால் எனக்கு மாமா முறை. ஆனால் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. அதற்குள் முறை சொல்லிக் கூப்பிட்டால் அவசரக்காரன் என்று நினைப்பீர்கள். சார் என்றே கூப்பிடுகிறேன்.

கடையில் இரண்டு விஷயம் சொல்லியிருப்பார்கள். சோலையம்மா அத்தை வீட்டு மாடியை இடிக்க வைத்தவன் நான் என்று. அதையும் பெண் கொடுக்காத கோபத்தில் செய்தேன் என்று. முதலாவது பாதிப் பொய் சார். இரண்டாவது முழுப் பொய். நான் இடிக்கவில்லை, இடிக்கச் சொல்லவும் இல்லை. அளந்தேன். அளந்ததைச் சொன்னேன். ஒரு அங்குலம் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் கொடுக்கலாமா கூடாதா, நீங்களே யோசியுங்கள்.

கீழத்தெருவில் முதல் பட்டதாரி நான். பி.இ. சிவில். இப்போது நாலு வழிச்சாலை போடுகிற கம்பெனியில் சர்வே பிரிவில் இருக்கிறேன். வேலை கிடைத்தபோது தெருமுனையில் எனக்கு பேனர் வைத்தார்கள். அத்தைதான் முன்னால் நின்று வைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மறைத்துப் பேச வராது.

அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்தவர் இல்லை. பெரிய தாத்தா மகள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். புருஷன் ரொம்ப நாளைக்கு முன்பே போய்விட்டார். ஒரே மகள், வினோதினி. எனக்கு முறைப்பெண்தான். என் அம்மா ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார், பிள்ளைகளுக்கு முடித்துவிடலாமா என்று. அதற்கு அத்தை, "எம்மக சிரிச்சுச் சிரிச்சுப் பேசுற பிள்ளை மதினி. உம்மகன் சிரிக்கணும்னா மேலதிகாரிகிட்ட லீவு லெட்டர் எழுதிக் குடுக்கணுமே" என்று சொல்லியிருக்கிறார். குழாயடி முழுக்கச் சிரிப்பு. அம்மா வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். கொஞ்சம் தாமதமாக. ஆனால் சிரித்தேன். கோபம் இருக்கிறவன் சிரிப்பானா?

அப்புறம் வினோதினிக்கு அருப்புக்கோட்டையில் ஒரு மெக்கானிக் மாப்பிள்ளை அமைந்தது. தாய் தகப்பன் இல்லாத பையன், அண்ணன் வீட்டில் இருந்தவன். மாமியார் வீட்டோடு வந்து இருக்கச் சம்மதித்தான். ஆனால் அத்தை வீட்டில் கீழே ஒரே அறைதான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை எங்கே படுக்க வைப்பது? அதற்காக மேலே ஒரு அறை எடுத்தார்கள். கீழத்தெருவில் முதல் மாடி. ஜன்னல் இரண்டு. வினோதினி கருநீல பெயிண்ட் வாங்கி வந்து தானே அடித்தது. நான் பார்த்தேன். நல்ல ஜன்னல்தான்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு சார். பெருமாள் கோயில் கோபுரத்தைவிட உயரமாக யாரும் வீடு கட்டுவதில்லை. சட்டம் எதுவும் கிடையாது, வழக்கம். உங்கள் பக்கமும் சில ஊர்களில் இருக்கும். இது கீழத்தெருவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மேலத்தெருவில் மில்லுக்காரர் திருவேங்கடம் இருக்கிறாரே, கோயில் கமிட்டித் தலைவர், அவர் நினைத்தால் மூன்று மாடி கட்டலாம். கட்டவில்லை. ஒரு மாடியோடு நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டு மொட்டைமாடியில் செல்போன் டவர் நிற்கிறதே என்று டீக்கடையில் கேட்பார்கள். டவர் வேறு, வீடு வேறு. அதில் யாரும் குடியிருக்கவில்லை.

அந்த வருஷம் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கோபுரத்துக்குச் சாரம் கட்டி, சுதை வேலை, பெயிண்ட் வேலை எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அப்போதுதான் யாரோ சாரத்தில் ஏறி நின்று பார்த்துவிட்டு, கீழத்தெருவில் ஒரு வீடு கோபுரத்துக்கு மேலே தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சு பரவிவிட்டது. தோஷத்தோடு கும்பாபிஷேகம் செய்ய முடியாது என்று கமிட்டியில் சொல்ல, அப்படியொன்றும் உயரம் இல்லை என்று எங்கள் தெருவில் சொல்ல, ஒரே சச்சரவு.

மில்லுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அடிதடிக்கு ஆள் அனுப்பவில்லை. பெரிய மனிதர். புல்லட்டில் எங்கள் தெருமுனை வரை தானே வந்தார். என்னைக் கூப்பிட்டு, "இன்ஜினியர் தம்பி" என்றார். என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர். என் அப்பாகூட அதுவரை என்னை எடே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளு அளந்தா நீங்க நம்ப மாட்டீங்க. வெளியூர்க்காரன் அளந்தா ரெண்டு தெருவும் நம்பாது. நீ அளந்து சொல்லு தம்பி. நீ சொன்னா ரெண்டு தெருவும் கட்டுப்படும்" என்றார்.

ரெண்டு தெருவும் கட்டுப்படும் என்று மேலத்தெருக்காரர் ஒருவர் எங்கள் தெருமுனையில் நின்று சொன்னது அதுவே முதல் தடவை. சுற்றிலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அத்தைக்கும் சந்தோஷம்தான் சார். நம்ம பிள்ளை அளக்கப்போகுது என்று அவர்தான் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அதை இப்போது யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

சாரம்தான் கட்டியிருக்கிறதே, உச்சியிலிருந்து ஒரு கயிற்றைத் தொங்கவிட்டால் முடிந்தது, உன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். படிக்காதவர்கள். கயிறு நீளும் சார். கோணம் நீளாது.

நீங்கள் எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் வரும். உயரங்களும் தொலைவுகளும். ஒரு இடத்தில் நின்று கோபுர உச்சியைப் பார்க்கிறோம், அதற்கு ஒரு கோணம். கொஞ்ச தூரம் பின்னால் தள்ளி நின்று மறுபடி பார்க்கிறோம், அதற்கு ஒரு கோணம், முன்னதைவிடச் சிறியது. இரண்டு கோணம், நடுவில் எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்கிற அளவு. போதும். கோபுரம் எத்தனை அடி என்று வந்துவிடும். அதன் அழகே அதுதான். எதை அளக்கிறோமோ அதன் பக்கத்தில் போகவே வேண்டியதில்லை. தொட வேண்டியதில்லை. வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. சின்ன வயதில் அந்தப் பாடத்தைப் படித்தபோதே எனக்குத் தோன்றும், இதை எங்களை மாதிரி ஆட்களை நினைத்துத்தான் எவரோ கண்டுபிடித்திருக்கிறார் என்று.

கோயிலுக்குள் நாங்கள் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை, போர்டும் கிடையாது. நாங்களாகவே போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியிலிருந்து கோணம் அளக்கிற மிஷினை, தியோடலைட்டை, எடுத்து வந்தேன். சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கித்தான். அதிலெல்லாம் நான் சரியாக இருப்பேன். முக்காலியை விரித்து, மட்டம் பார்த்து, லென்ஸில் கண்ணை வைத்தபோது சுற்றிலும் கூட்டம். இரண்டு தெரு ஆட்களும் கலந்து நின்றார்கள். மேலத்தெருப் பெரியவர் ஒருவர், "அதுல பாத்தா எங்க வீட்டு அடுப்படி தெரியுமாப்பா?" என்று கேட்டார். சிரித்தார்கள். அன்றைக்கு நான் உடனே சிரித்தேன்.

முதலில் கோபுரம். கும்பாபிஷேக வேலைக்காகக் கலசத்தைக் கீழே இறக்கி வைத்திருந்தார்கள். அது எங்கும் உள்ள முறைதான். உச்சியில் கலசம் இருக்கிற இடத்தில் வெறும் மேடை. நான் அந்த மேடை வரை அளந்தேன். இருப்பதைத்தானே அளக்க முடியும்?

அடுத்தது அத்தை வீடு. மாடியின் கைப்பிடிச் சுவர்தான் உச்சி. அது தூரத்திலிருந்து வானத்தோடு கலந்து மங்கலாகத் தெரிந்தது. அடையாளம் வேண்டும், யாராவது சுவர் விளிம்பில் சிவப்பாக எதையாவது பிடியுங்கள் என்றேன். வினோதினி ஓடிப்போய்த் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்துச் சுவர்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டது. "மச்சான், ரிப்பனோட நிறுத்திக்கோங்க. என் தலையையும் சேத்து அளந்துராதீங்க" என்று மேலிருந்து கத்தியது. கீழே எல்லோரும் சிரித்தார்கள். லென்ஸில் அது ரொம்பப் பக்கத்தில் தெரிந்தது. தியோடலைட்டில் அப்படித்தான், பக்கத்தில் இருப்பது மாதிரியே இருக்கும். நான் ரிப்பனின் அடிவிளிம்பில் குறியை வைத்தேன். தலையைச் சேர்க்கவில்லை.

மூன்று தடவை அளந்தேன். மூன்றும் ஒன்றாக வந்தது.

சாயங்காலம் கோயில் முன்மண்டபத்துக்கு வெளியே தெருவில் கூடினார்கள். கமிட்டிக்காரர்கள் மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் கீழே நின்றார்கள். எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள் சார். தெருவில்தான். ஆனால் நாற்காலி. காபி கொடுத்தார்கள். அவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். பேப்பர் கப்தான் சுத்தம், ஒருவர் குடித்ததில் இன்னொருவர் குடிக்க வேண்டியதில்லை. என்னைக் கவனித்து அப்படிக் கொடுத்திருக்கிறார்கள்.

எழுந்து நின்று சொன்னேன். கோபுரம், கலசம் நீங்கலாக, இருபத்தேழு அடி நாலு அங்குலம். சோலையம்மா வீடு, கைப்பிடிச் சுவர் உச்சி வரை, இருபத்தெட்டு அடி ஒரு அங்குலம். வீடு ஒன்பது அங்குலம் கூட.

கலசம் நீங்கலாக என்று சொன்னேன். கவனியுங்கள் சார். சத்தமாகத்தான் சொன்னேன். மறைக்க நினைத்திருந்தால் அதை விட்டிருக்கலாம்.

அத்தைதான் முன்னால் வந்தார்.

"கலசத்த இறக்கித்தானய்யா வச்சிருக்காங்க. ஏத்தத்தான போறாங்க. அதையும் சேத்துச் சொல்லு."

"கலசம் எத்தன அடின்னு எனக்குத் தெரியாது அத்தை. நான் அளக்கல."

"உள்ள மண்டபத்துல துணி போட்டு மூடி வச்சிருக்காங்களாம். போயி அளந்துட்டு வா."

அப்போது பாருங்கள், படியில் இருந்தவர்களும் கீழே நின்றவர்களும் என் காலைத்தான் பார்த்தார்கள். என் நாற்காலியிலிருந்து கோயில் வாசல் நாலு எட்டுத்தான். மில்லுக்காரர் போகாதே என்று சொல்லவில்லை. அதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் நான் சொன்னதாகச் சொல்லலாம். அவர் போகாதே என்று சொல்லவே இல்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "தம்பி படிச்ச பிள்ளை. தம்பிக்குத் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரிந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை விடவில்லை. என் நாற்காலிப் பக்கத்தில் வந்து குனிந்து நின்றார். இப்போது மெதுவாகப் பேசினார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அளக்க வேண்டாம்யா. ஒரு வார்த்த மட்டும் சொல்லு. கலசம் ஏறுனா கோபுரம்தான் பெருசுன்னு சொல்லு. பாத்தாலே தெரியுமே. ஆளு ஒசரக் கலசம் அது. நீ சொன்னா கேப்பாங்க. சின்னப்பிள்ள கல்யாணம்யா."

"பாத்தாலே தெரியும்ங்கிறது அளவு இல்ல அத்தை" என்றேன். பணிவாகத்தான் சொன்னேன்.

நீங்களே சொல்லுங்கள். அளக்காத ஒன்றை அளந்தேன் என்று சொல்வதா? உத்தேசமாகச் சொல்வதா? இன்றைக்கு அத்தைக்காக உத்தேசம், நாளைக்குப் பாலம் கட்டும்போது உத்தேசம். அப்படிப் பழகிவிட்டால் அப்புறம் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

அதற்காக நான் ஈரமில்லாதவன் இல்லை. ஒன்பது அங்குலம்தானே கூட, செங்கல் மூணு வரிசை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நான்தான் அத்தைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். மூணு வரிசை, கைப்பிடிச் சுவரில். அறைக்கு ஒரு சேதமும் இல்லை. அத்தை உடனே அதைப் பிடித்துக்கொண்டு, இப்பவே எடுத்துருதேன், மூணு என்ன, அஞ்சு வரிசை எடுத்துருதேன் என்று மண்டபத்துப் படியைப் பார்த்துக் கும்பிட்டார்.

மில்லுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "சாமி காரியத்துல அங்குலக் கணக்குப் பாக்க முடியுமா தாயி? அளக்கச் சொன்னோம். கூடன்னு வந்துருச்சு. நாங்களா சொன்னோம்? உங்க பிள்ளைல்லா சொன்னது. இன்னிக்கு மூணு வரிச எடுப்பீங்க, நாளைக்கு நாலு வரிச வைப்பீங்க. மாடியே வேண்டாம். அதான் எல்லாருக்கும் நல்லது."

அது என் பிரிவு இல்லை சார். அளவு சொல்வது வரைதான் என் வேலை. அந்த அளவை வைத்து என்ன செய்வது என்பது கமிட்டி முடிவு. எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான், சர்வே வேறு, நிலம் எடுப்பது வேறு.

மேலத்தெருவிலிருந்து ஒருத்தர்கூட அத்தை வீட்டுப் பக்கம் வரவில்லை. யாரும் மிரட்டவில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மில்லில் வேலை பார்க்கிறவர்கள், மீதிப்பேர் அவர்கள் தோட்டத்தில். அவர்களாகவே பேசி, அவர்களாகவே அத்தை வீட்டுக்குப் போய், ஒரு ஆளுக்காகத் தெருவே பட்டினி கிடக்க வேண்டுமா என்று கேட்டார்கள். கலெக்டரிடம் மனுக் கொடு என்று ஒரு வக்கீல் பையன் சொன்னான். கல்யாணத்தை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கவா என்று அத்தை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இடித்தது யார் தெரியுமா? இதைக் கடையில் சொல்லியிருக்க மாட்டார்கள். என் அப்பா. அவருக்குக் கான்கிரீட் உடைக்கிற வேலைதான். வெளியாள் வந்தால் டிரில்லரைப் போட்டுக் கீழ்த் தளத்தையும் விரிசல் விட்டுவிடுவான், நானே உடைக்கிறேன் தங்கச்சி என்று அவரே போய்ச் சொன்னார். சம்மட்டியைக்கூட எடுக்கவில்லை. உளியும் சுத்தியலும் வைத்துச் செங்கல் செங்கலாக எடுத்தார். ஒரு கல்லைக்கூட உடைக்காமல் எடுத்துக் கொடுக்க, வினோதினி வாங்கி வாங்கிக் கீழே அடுக்கியது. அந்த நீல ஜன்னல் இரண்டையும் கண்ணாடி சிந்தாமல் கழற்றிச் சாக்குப் போட்டுச் சுற்றி வைத்தார். நான் செய்தது தப்பு என்றால் பெற்ற தகப்பன் போய் அந்த வேலையைச் செய்வாரா? யோசிக்க வேண்டும். யாரும் யோசிப்பதில்லை.

அதற்கப்புறம் அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. தூசி போயிருக்கும். நான் கூப்பிட்டால் கேட்பதில்லை. இப்போது நீங்கள் வந்திருந்தபோதுகூடப் பார்த்திருப்பீர்கள், உங்களிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், நான் கேட்டதற்குத்தான் பதில் வரவில்லை. என் குரல் கொஞ்சம் மெல்லிசு. சாப்பாடும் இப்போதெல்லாம் வெளியே, மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார்ந்துதான். காற்றோட்டமாக இருக்கிறதாம்.

அருப்புக்கோட்டைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது அப்போது. மாப்பிள்ளையின் அண்ணன் மாடிப்படியில் ஏறி, மேலே படி முடிகிற இடத்தில் ஒன்றும் இல்லாமல் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்கினானாம். ஒரு ரூமக் காப்பாத்த முடியாத தெருவுல எங்க பையன எப்படிக் குடிவைக்கிறது என்று கேட்டிருக்கிறான். அத்தோடு போனவர்கள்தான். வினோதினி இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறது. பொங்கலுக்குக்கூட வருவதில்லை. என்னைக் கூப்பிட்டிருந்தால் அந்த அண்ணனிடம் நான் பொறுமையாக விளக்கியிருப்பேன். இது ஒரு அளவுப் பிரச்சினைதானே தவிர குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருப்பேன். என்னைக் கூப்பிடவில்லை.

கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. ட்ரோன் வைத்துப் பூ தூவினார்கள், தீர்த்தம் தெளித்தார்கள். எங்கள் பக்கம் விழவில்லை, அன்றைக்குக் காற்று அந்தப் பக்கம். நாங்கள் தெருமுனையில் நின்று பார்த்தோம். கலசத்தை மேலே ஏற்றும்போது எல்லோரும் கும்பிட்டார்கள். தங்க முலாம் போட்டிருந்தார்கள், வெயிலில் கண் கூசியது. நானும் கும்பிட்டேன். பக்கத்தில் அத்தை நின்றிருந்தது எனக்குத் தெரியாது. அவர் கும்பிடவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இப்ப அளய்யா" என்றார்.

மிஷினைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் அத்தை என்றேன். உண்மைதான் அது. அன்றைக்கு மிஷின் என்னிடம் இல்லை.

வேறொரு தடவை இந்தப் பக்கம் சாலை வேலைக்காக வந்தபோது மிஷின் இருந்தது. மனசு கேட்கவில்லை. நெடுஞ்சாலையில் நின்றபடியே அளந்து பார்த்தேன், யாரும் கேட்காமலே. கலசம் பீடத்தோடு சேர்த்து நாலு அடி இரண்டு அங்குலம். அப்படியானால் கோபுரம் முப்பத்தோரு அடி ஆறு அங்குலம். அத்தை வீட்டு மாடி இருந்திருந்தால் மூணு அடி ஐந்து அங்குலம் கீழேதான் இருந்திருக்கும்.

இதைக் கேட்டதும் உங்கள் முகம் மாறுகிறது. மாற வேண்டியதில்லை சார். இரண்டு அளவும் சரிதான். அன்றைக்கு அளந்தபோது வீடு உயரம், இன்றைக்கு அளந்தால் கோபுரம் உயரம். நான் எங்கே தப்பு செய்தேன்? அன்றைக்கே கலசம் நீங்கலாக என்று சொன்னேன் அல்லவா? என் கணக்கு தப்பாகியிருந்தால்தான் நான் வருத்தப்பட வேண்டும். தப்பாகவில்லை என்று தெரிந்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

யாரிடமும் சொல்லவில்லை. கேட்காத கணக்கைச் சொன்னால் படித்த கர்வம் என்பார்கள்.

மில்லுக்காரர் என்னை மறக்கவில்லை. கும்பாபிஷேகம் முடிந்து கமிட்டியில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் இந்த மாதிரி மனஸ்தாபம் வரக்கூடாது, முன்கூட்டியே ஒரு அளவு வைத்துவிடுவது நல்லது என்று. கோயில் முன்மண்டபம் பன்னிரண்டு அடி. கீழத்தெருவில் எந்த வீடும் அதற்கு மேல் போக வேண்டாம். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு, யாருக்கும் கூடக் குறைய இல்லை. அதைக் குறித்துக் கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மறுபடியும் நாற்காலி. தெருவில் இந்த முனை கரண்டுக் கம்பத்திலிருந்து அந்த முனைக் கம்பம் வரை, வழியில் இருக்கிற ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு சிவப்புக் கோடு. கயிறு கட்டிப் போட்டால் நடுவில் தொங்கிவிடும். நான் மிஷின் வைத்துப் போட்டேன். பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் பாருங்கள், தெரு முழுக்க ஒரே மட்டம், மயிரிழை ஏறி இறங்காது. கம்பெனி இன்ஜினியர் ஒருத்தர் பார்த்துவிட்டு யார் போட்டது என்று கேட்டார்.

அத்தைக்கு அந்தக் கோட்டின் மேல்தான் கோபம். முன்னாலாவது எனக்குச் சாபம் விட்டுக்கொண்டிருந்தார். இப்போது என்னைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சார்" என்கிறார். டீக்கடையில் எல்லோரும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். வாங்க சார், உக்காருங்க சார். நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் எழுந்துவிடுகிறார்கள். மரியாதைதான். ஆனால் கொஞ்சம் அதிகம்.

அதோ, தூசி தெரிகிறது. பஸ்தான். இன்னும் கண்மாய்க்கரை வளைவு சுற்றி வர வேண்டும். நிற்கும், அவசரம் வேண்டாம்.

வீடு எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் இப்போது இருக்கிற வீட்டை எடுத்துவிட்டுப் புதுசாகக் கட்டப்போகிறேன். லோன் பேசியாகிவிட்டது. பிளான் நானே போட்டிருக்கிறேன். தனி படுக்கையறை, உள்ளேயே பாத்ரூம், டைல்ஸ், எல்லாம் உண்டு. உங்கள் பெண்ணுக்கு ஒரு குறையும் வராது. உயரத்தில்தான் கொஞ்சம் யோசித்துப் போட வேண்டியிருந்தது. மழை பெய்தால் மேலத்தெருத் தண்ணீர் மொத்தமும் எங்கள் தெரு வழியாகத்தான் போகும், அதனால் தரையை மூணரை அடி தூக்கியே ஆக வேண்டும். தளம் அரை அடி. மேலே தண்ணீர் நிற்காமலிருக்க முக்கால் அடிச் சுவர். கோட்டுக்குள் இதெல்லாம் போக, தரையிலிருந்து கூரை வரை ஏழேகால் அடி வருகிறது. கோட்டைப் போட்டவனே கோட்டைத் தாண்டினால் நன்றாக இருக்காது அல்லவா? மில்லுக்காரரிடம் பிளானைக் காட்டினேன். நல்லாருக்கு தம்பி என்றார்.

ஏழேகால் அடி தாராளம் சார். கட்டிலில் படுத்துக்கொண்டால் தெரியவே தெரியாது. ஃபேனைக் கூரையில் மாட்டினால் இறக்கை ஆறேகால் அடியில் சுற்றும். சேலை மாற்றும்போதோ, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சும்போதோ கையை உயர்த்த முடியாது. அதனால் சுவர் ஃபேன்தான். அதையும் யோசித்து வைத்திருக்கிறேன். எதையும் நான் யோசிக்காமல் செய்வதில்லை.

வந்துவிட்டது. பார்த்து ஏறுங்கள், படி உயரம். கண்டக்டர், பெரியவருக்கு ஜன்னலோரம் ஒரு சீட்டு பார்த்துக் கொடுங்கள்.

சார், போகிறதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தப்பாக நினைக்கக் கூடாது. பெண்ணுக்கு உயரம் எவ்வளவு? போட்டோவில் உட்கார்ந்திருக்கிறது, கண்டுபிடிக்க முடியவில்லை. உத்தேசமாக வேண்டாம். வீட்டுக்குப் போய்ச் சுவரோடு சுவராக நிற்க வைத்து, தலைக்கு மேல் ஸ்கேலை மட்டமாக வைத்து, அளந்து போனில் சொல்லுங்கள். செருப்பில்லாமல்.